நாற்பது கேள்விகளை அழித்த டீச்சர்

கோடு டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அந்தப் பயிற்சி நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கோபத்துக்கு ஒரு வரைமுறை இருந்தது. வகுப்பில் வரும், மணி அடித்ததும் போய்விடும். போன் வழியாகப் பாடம் நடத்தச் சொன்ன பிறகுதான் அது அவரோடு பஸ் ஏறி வீடு வரைக்கும் வர ஆரம்பித்தது.

வீட்டோடு கிடக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கான ஆறு மாதப் படிப்பு அது. படுக்கை விரிப்பு மாற்றுவது, குளிப்பாட்டுவது, முதுகில் புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பது என்று பல பாடங்கள். டீச்சருடையது மருந்தளவுக் கணக்கு. பாட்டில் மேல் இருப்பதைப் படித்து, டாக்டர் எழுதிய அளவுக்கு எத்தனை மில்லி என்று கணக்குப் போட்டு, ஊசியில்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சில் சரியாக அந்தக் கோடு வரை இழுத்து, நோயாளியின் வாயில் விட வேண்டும். இவ்வளவுதான் பாடம். ஆனால் ஒரு புள்ளி இடம் மாறினால் அரை மில்லி ஐந்து மில்லியாகிவிடும். பத்து மடங்கு மருந்து. அதனால் வகுப்பு முழுக்க "கோட்டைப் பாரு, கோட்டைப் பாரு" என்று தொண்டை கிழியக் கத்துவார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

ஒரு திங்கட்கிழமை காலை போனபோது, வகுப்பறையின் நீள மேஜை சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது. மருந்துக்குப் பதில் இழுத்துப் பழகச் சாயத் தண்ணீர் வைக்கும் முப்பது தம்ளர்களும் ஒரு அட்டைப் பெட்டிக்குள் போயிருந்தன. கூடத்தை வேறு யாருக்கோ விட்டாகிவிட்டது.

"இனிமே பாடமெல்லாம் போன்ல, டீச்சர்," என்றார் முதல்வர். "மூணு வாரம் பயிற்சி இருக்கு. கத்துக்கிட்டா ரொம்ப சுலபம்."

"போன்ல எப்படி சார் தண்ணி ஊத்துறது?"

"அதைத்தான் சொல்லிக்குடுப்பாங்க."

சொல்லிக்கொடுக்க வந்தவன் இருபத்தேழு வயதுப் பையன். எதைச் சொன்னாலும் "அருமை" என்பான். பின்வரிசையிலிருந்து ஒருவர் பாத்ரூம் எங்கே என்று கேட்டதற்கும், "அருமை, வலது பக்கம் ரெண்டாவது கதவு," என்றான். அன்று மத்தியானத்துக்குள் அவனுக்கு அருமை சார் என்று பெயர் விழுந்துவிட்டது. இணையவழிக் கற்றல் செயல்பாடு வடிவமைப்பது எப்படி என்பது அவன் பாடம். "கற்றல் பயணம், கற்றல் பயணம்" என்று மூச்சுக்கு மூச்சு சொன்னான். யார் எங்கே பயணம் போகிறார்கள் என்று டீச்சருக்கு ஒரு வாரம் வரை பிடிபடவே இல்லை.

இரண்டாம் நாள், மாதிரிக்கு ஒரு தேர்வு வைத்தான். ஆசிரியர்கள் மாணவர்களாக உட்கார்ந்து எழுத வேண்டும். டீச்சர் கணக்கைப் போட்டு "அரை மில்லி" என்று தட்டினார். திரை சிவந்தது. பூஜ்யம்.

"ஏம்ப்பா, அரையும் பூஜ்யம் புள்ளி அஞ்சும் ஒண்ணு இல்லையா?"

"அருமையான கேள்வி டீச்சர். எண்ணாப் போட்டாத்தான் மெஷினுக்குப் புரியும்."

"மெஷினுக்குப் புரியலன்னா பூஜ்யத்தை மெஷினுக்குப் போடு. எனக்கு எதுக்குப் போடுறே?"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், இருபத்திரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்த பாடத்தில், நாலு பேர் பார்க்கப் பூஜ்யம் வாங்குவது செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அடுத்த அரை மணி நேரம் அவனை விடவில்லை. அரையை எத்தனை விதமாக எழுதலாம், கால் என்ன பாவம் செய்தது, முக்கால் என்ன பாவம் செய்தது என்று பொரிந்து தள்ளினார். அவன் பாடத்தைத் திரையில் ஓடவிட்டபடியே, அருமை அருமை என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

அந்தச் சூட்டோடுதான் டீச்சர் ஒரு முடிவு எடுத்தார். தன் மாணவர்கள் யாரும் இப்படி அவமானப்படக் கூடாது. யாரும் எதையும் எழுத வேண்டாம், கேள்விக்குக் கீழே நாலு விடை, சரியானதை அழுத்தினால் போதும். பதினொரு நாள் உட்கார்ந்து நாற்பது கேள்வி செய்தார். கேள்விக்கு ஒரு நிமிஷம். சரியென்றால் பச்சை வெளிச்சமும் கைதட்டலும், தப்பென்றால் சிவப்பு. முடித்ததும் பரீட்சித்துப் பார்க்கப் புருஷனை உட்காரவைத்தார். அவர் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். சிரிஞ்சைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள். நாற்பதுக்கு முப்பத்தொன்று வாங்கினார்.

"பார்த்தீங்களா, உங்களுக்கே புரியற மாதிரி வச்சிருக்கேன்," என்ற டீச்சருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

முதல்வருக்கும் தலைகால் புரியவில்லை. முதல் இரண்டு அணியிலும் சேர்த்து ஐம்பத்தெட்டுப் பேர் அந்த நாற்பது கேள்வியை முடித்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். பாதிப் பேர் நூற்றுக்கு நூறு. கூடம்தான் இல்லையே என்று நேரில் வைக்கும் செய்முறைத் தேர்வையும் எடுத்துவிட்டார்கள். டீச்சர் முதலில் முணுமுணுத்தார். பிறகு, அவ்வளவு மதிப்பெண்ணைப் பார்த்ததும் அவருக்கும் மனசு ஆறிவிட்டது. அந்த ஆறுதலை நினைத்துத்தான் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டார்.

மூன்றாவது அணியில் ஒருத்தி ஒன்பது தடவை தேர்வு எழுதி ஒன்பது தடவையும் பூஜ்யம் வாங்கினாள். நாற்பது வயது, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிற வேலை. கூடப் படிப்பவர்களுக்கு அவள் லிஃப்ட் அக்கா. டீச்சர் போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"லிஃப்ட் கதவு மூடுனா சிக்னல் போயிடுது டீச்சர். திறந்தா திரும்ப முதல் கேள்வியில இருந்து வருது."

"அப்ப வெளியே வந்து எழுது!"

"வெளியே வந்தா வேலை போயிடும் டீச்சர். வீட்டுக்குப் போனா போன் மகளோட படிப்புக்கு வேணும்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் என்று டீச்சர் முடிவு கட்டினார். கையும் களவுமாகப் பிடிக்க மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போனார்.

ஸ்ட்ரெச்சர் நுழையும் அளவுக்குப் பெரிய லிஃப்ட். மூலையில் ஒரு முக்காலி, அதன்மேல் நீலச் சீருடையில் லிஃப்ட் அக்கா, மடியில் போன். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ஒரு மணி நேரம் டீச்சர் அவளோடு ஏழு மாடி ஏறி இறங்கினார். அவள் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. இரும்புக் கதவு சாத்தியதும் திரையில் ஒரு வட்டம் சுற்றும். ஆனால் ஒரு நிமிஷக் கடிகாரம் மட்டும் நிற்காமல் ஓடும். கதவு திறந்தால் முதல் கேள்வி. இடையில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவரும் அவர் கூட ஒரு நர்ஸும் ஏறினார்கள். லிஃப்ட் அக்கா போனை இடுப்பில் செருகிக்கொண்டு பொம்மை மாதிரி நின்றாள். அவர்கள் இறங்கும்வரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டீச்சருக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சிரிஞ்சையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்தார். "சரி, அதை விடு. இதுல அரை மில்லி இழு."

லிஃப்ட் அக்கா பாட்டில் மூடியில் தண்ணீரை ஊற்றி, நிதானமாக, கை நடுங்காமல், ஐந்து மில்லி இழுத்தாள்.

"இது எவ்வளவு?"

"புள்ளி அஞ்சு, டீச்சர்."

"புள்ளி எங்கம்மா இருக்கு அதுல?"

அவள் சிரிஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஐந்தாவது மாடியில் கதவு திறந்து மூடியது. "போன்ல வந்தா எனக்குத் தெரிஞ்சிடும் டீச்சர். இதுல எதை வச்சுக் கண்டுபிடிக்கிறதுன்னு தெரியல."

"போன்ல மட்டும் எதை வச்சுக் கண்டுபிடிக்கிறே?"

அவள் தயங்கினாள். "சொன்னா திட்டக் கூடாது. நீங்க வைக்கிற நாலு விடையில ஒண்ணு மட்டும் பார்க்க லட்சணமா இருக்கும். மத்த மூணும் கோணல்மாணலா, நீட்டமா, யாரோ வேணும்னே எழுதின மாதிரி இருக்கும். லட்சணமானதை அழுத்தினா பச்சை வரும். இது எங்க குரூப்ல எல்லாருக்கும் தெரியும் டீச்சர். போன அணிக்காரங்கதான் சொல்லிக்குடுத்தாங்க."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் புருஷனைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு எப்படிங்க முப்பத்தொண்ணு வாங்கினீங்க?"

"எது ஒழுங்கா இருந்துச்சோ அதை அழுத்தினேன்."

"அதை அன்னைக்கே வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"நீதான் அவ்வளவு சந்தோஷமா இருந்தியே," என்றார் அவர்.

கையிலிருந்த தம்ளரை மேஜையில் வைத்த வேகத்தில் டீ பாதி கீழே போனது. அந்த மனிதரைச் சொல்லி என்ன செய்ய? சிரிஞ்சைப் பார்த்தாலே பயப்படுகிறவருக்கு முக்கால்வாசி மதிப்பெண் கொடுக்கிற ஒரு தேர்வைப் பதினொரு நாள் உட்கார்ந்து செய்தது யார்? தான் சொல்லிக்கொடுத்தது மருந்தளவு இல்லை. தன் மனசில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கிற வித்தை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று இருபத்திரண்டு வருஷம் மற்றவர்களுக்குச் சொன்ன வாய், கொடி கொடியாகச் சுரைக்காயைப் போனில் காய்க்க விட்டிருக்கிறது. அந்தக் காயைக் கையில் வைத்துக்கொண்டு ஐம்பத்தெட்டுப் பேர் யார் யார் வீட்டிலோ நிற்கிறார்கள்.

மறுநாள் முதல்வர் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தார்.

"அம்பத்தெட்டுப் பேரையும் திரும்பக் கூப்பிடணும் சார். ஒரு நாள் போதும். கையில சிரிஞ்சைக் குடுத்துப் பார்க்கணும்."

முதல்வர் கெட்டவர் இல்லை. எந்தக் காகிதமானாலும் முதலில் சதவீதத்தைத் தேடுகிற ஆள், அவ்வளவுதான். "சான்றிதழ் குடுத்தாச்சு டீச்சர். இப்பக் கூப்பிட்டா நிலையத்துக்கு என்ன பேரு வரும்?"

"மருந்து குடிக்கப்போறது பேரு இல்ல சார், ஆளு."

"மாணவர் திருப்தி தொண்ணூத்தி நாலு சதவீதம். நானா சொல்றேன்? அறிக்கை சொல்லுது."

"படுத்துக் கிடக்கிறவங்க திருப்தி எத்தனை சதவீதம்னு கேட்டீங்களா?"

"உணர்ச்சிவசப்படாதீங்க. வேணும்னா 'கவனம் தேவை'ன்னு ஒரு பக்கம் சேர்த்துக்கோங்க. கேள்விகள் அப்படியே இருக்கட்டும். அதுலதான் தானா மதிப்பெண் விழுது."

டீச்சர் வெளியே வந்து, காலியாக இருந்த ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நாற்பது கேள்வியையும் ஒன்றொன்றாக அழித்தார். ஒவ்வொரு தடவையும் மெஷின் "உறுதியாக அழிக்கவா?" என்று கேட்டது. நாற்பது தடவையும் டீச்சர் "ஆமாண்டா" என்று வாய்விட்டே சொல்லி அழுத்தினார். பக்கத்து மேஜைக் குமாஸ்தா நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். மாலைக்குள், கேள்விகளை ஏன் அழித்தீர்கள் என்று குறிப்பாணை வந்துவிட்டது. ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும்.

அழித்தாகிவிட்டது, அந்த இடத்தில் எதை வைப்பது? அங்கேதான் டீச்சருக்குக் கை ஓடவில்லை. வேறு வழியில்லாமல் அருமை சாருக்குப் போன் போட்டார். "தம்பி, ஒரு தடவை அருமைன்னு சொன்னாலும் போனை வச்சிடுவேன்," என்று ஆரம்பித்து, நடந்ததை எல்லாம் கொட்டினார்.

எதிர்முனையில் அவன் சொன்னான்: "நான் ஒரு நாள்கூட வகுப்பு எடுத்ததில்ல டீச்சர். படிச்சதைத்தான் ஒப்பிச்சேன். எங்களுக்கு முதல்ல சொல்லிக்குடுத்தது ஒண்ணே ஒண்ணு. திரையில என்ன வரணும்னு யோசிக்காதே. கடைசி நாள்ல அவங்க கை என்ன செய்யணும், அதுல இருந்து பின்னால நடந்து வான்னு."

"இதை ஏன்யா பயிற்சியில சொல்லித் தொலைக்கல?"

"சொன்னேனே டீச்சர். ரெண்டாம் நாள், தேர்வு முடிஞ்சதும் வந்த முதல் பக்கமே அதுதான். நீங்க அப்ப அரைக்காக சண்டை போட்டுக்கிட்டு இருந்தீங்க."

டீச்சருக்குச் சுருக்கென்றது. "சரி சரி," என்று மட்டும் சொன்னார். மன்னிப்பு கேட்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அவன் நேரில் வந்து, போன் தொடர்பு இல்லாதபோதும் வேலை செய்கிற மாதிரி பாடத்தை எப்படி வைப்பது, மாணவர்கள் படம் அனுப்ப எந்த வசதியைத் திறந்துவிட வேண்டும் என்று காட்டியபோது, அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாவது அணியின் முப்பத்தொரு பேருக்கும் தபாலில் ஒரு சிரிஞ்சும் ஒரு பொட்டலம் சாயப்பொடியும் போயின. கேள்வி ஒன்றுதான்: இந்த அளவை இழு, கோடு தெரிகிற மாதிரி படம் எடு, தொடர்பு கிடைக்கிறபோது அனுப்பு. கடிகாரம் கிடையாது, பச்சை சிவப்பு கிடையாது. வந்த படத்தைக் கூடப் படிக்கிற இரண்டு பேர் பார்த்து, சரியா தப்பா, ஏன் என்று எழுத வேண்டும்.

முதல் வாரம் டீச்சருக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. பாதிப் பேர் சிரிஞ்சைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்திருந்தார்கள், எந்தக் கோடு என்றே தெரியவில்லை. கண்ணுக்கு நேராகப் பிடி என்று நீ எழுதினாயா என்று தன்னையே திட்டிக்கொண்டு அதைச் சேர்த்தார். அடுத்தது, மூன்று பேர் அனுப்பிய மூன்று படத்திலும் ஒரே கட்டைவிரல். அதே சிவப்பு நகப்பூச்சு, அதே மூலையில் உரிந்து. அந்த மூன்று பேரில் ஒருவர் மீசை வைத்த ஆள். குரூப்பில் அந்தப் படத்தைப் போட்டு, "சார், உங்க நகம் ரொம்ப நல்லா இருக்கு" என்று எழுதினார். அதோடு ஆளுக்கு ஒரு நோயாளி, ஆளுக்கு ஓர் எடை, ஆளுக்கு ஓர் அளவு என்று மாற்றினார். அடுத்தவர் படம் அடுத்தவருக்கு உதவாது. முப்பத்தொரு அளவு தயார்செய்ய இரண்டு முழு நாள் ஆனது. லிஃப்ட் அக்கா ஏழு மாடிக்கும் நடுவில் படம் எடுத்து, தரைத்தளத்தில் கதவு திறக்கும்போது அனுப்பினாள். முதல் நாலு தப்பு. ஐந்தாவதில் அவளே படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்: "இது ஜாஸ்தி மாதிரி தெரியுது டீச்சர், இருங்க, திரும்ப இழுக்கிறேன்." அந்த ஒரு வரியை நாற்பது கேள்வியும் ஒருத்தரிடமிருந்தும் வரவைத்ததில்லை.

இதற்கிடையில், யாரையும் கேட்காமல், அந்த ஐம்பத்தெட்டுப் பேருக்கும் டீச்சர் தன் சொந்தப் போனிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார். வீடியோவில் வா, சிரிஞ்சை எடு, அரை மில்லி இழு, கண்ணுக்கு நேராகக் காட்டு. சிலர் சிரித்தார்கள். சிலர், "சான்றிதழைத் திரும்ப வாங்கத்தானே கூப்பிடுறீங்க," என்று சண்டைக்கு வந்தார்கள். ஒருத்தி பட்டென்று வைத்தாள். மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டு இழுத்துக் காட்டினாள், சரியாகவே. மொத்தம் பதினொரு பேர் தப்பாக இழுத்தார்கள். அதில் பத்துப் பேருக்கு நோயாளியின் வீட்டுக்காரர்களே தினமும் மருந்தை அளந்து கையில் கொடுத்துவிடுவதால் ஒன்றும் ஆகவில்லை. பதினோராவது ஆள் வீடியோவில் வந்தபோது வீட்டில் சும்மா இருந்தார்.

"என்னை நிறுத்திட்டாங்க டீச்சர். ரெண்டு நாளா பெரியவர் எழுந்திருக்கவே இல்ல, தூங்கிக்கிட்டே இருந்தார். டாக்டர் வந்து பார்த்துட்டு, மருந்து ஜாஸ்தின்னாரு. இப்ப நல்லா இருக்காராம், விசாரிச்சேன்."

"இழுக்கும்போது உனக்கு சந்தேகமே வரலையாப்பா?"

"நான் நூத்துக்கு நூறு டீச்சர். அதான் வரல."

அவர் குரலில் கொஞ்சமும் கோபம் இல்லை. அவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் டீச்சர் தாங்கியிருப்பார். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. அவரை நாலு நாள் தினமும் அரை மணி நேரம் வீடியோவில் உட்காரவைத்து, கை தானாக நிற்கும் வரை இழுக்கவைத்தார். பிறகு ஒரு முதியோர் இல்லத்துக்குத் தானே கூட்டிக்கொண்டு போய், தப்பு என்னுடையது என்று சொல்லி வேலையில் சேர்த்துவிட்டார்.

குறிப்பாணைக்கு விளக்கம் எழுதினார். ஒரே பக்கம். பதினொரு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர்கள் இழுத்த அளவு, கடைசிப் பெயருக்குக் கீழே நடந்தது. முதல்வர் அதை வாங்கி மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார். பதினைந்தாம் நாள் சுற்றறிக்கை வந்தது: செய்முறைத் தேர்வு மீண்டும் உண்டு, படம் அனுப்பும் புதிய செயல்பாட்டை நிலையம் தன் சொந்த முயற்சியில் உருவாக்கியிருக்கிறது. டீச்சர் பெயர் எங்கேயும் இல்லை. அதைவிடப் பெரிய கூத்து, அழித்த நாற்பது கேள்வியும் எங்கிருந்தோ உயிரோடு திரும்பி வந்து பாடத்தின் கடைசியில் உட்கார்ந்திருந்தன. மெஷின் எதையும் சட்டென்று தூக்கிப் போடாதாம், ஒரு பிரதி வைத்திருக்குமாம். அறிக்கைக்குச் சதவீதம் வேண்டும், இருக்கட்டும் என்று முதல்வர் சொல்லிவிட்டார்.

டீச்சர் இந்தத் தடவை அழிக்கவில்லை. நாற்பதையும் திறந்து, தப்பான விடைகள் நூற்றிருபதையும் திருத்தி எழுதினார். ஒவ்வொரு தப்பும் மாணவர்கள் நிஜமாகச் செய்த தப்பு. புள்ளி இடம் மாறியது, மேல் கோட்டுக்குப் பதில் கீழ்க் கோட்டைப் பார்த்தது, எடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டது. எல்லாமே சரியான விடை மாதிரியே லட்சணமாக இருந்தன. தொண்ணூறில் இருந்த சராசரி ஐம்பத்திரண்டுக்கு இறங்கியது. புருஷன் மறுபடி எழுதி ஒன்பது வாங்கினார். முதல்வர் கூப்பிட்டனுப்பினார்.

"என்ன டீச்சர் இது, பாதிக்குப் பாதி விழுந்துடுச்சு!"

"விழல சார். இப்பத்தான் நிஜமா எங்க இருக்கோம்னு தெரியுது."

அந்த அணியின் செய்முறைத் தேர்வில் முப்பத்தொரு பேரில் நாலு பேர் தப்பாக இழுத்தார்கள். நாலு பேரையும் டீச்சர் நிறுத்திவைத்தார். லிஃப்ட் அக்கா தேறினாள், இப்போது ஒரு வீட்டில் பகல் வேலை பார்க்கிறாள். நிலையத்தின் மற்ற கிளைகளில் இருக்கும் ஆசிரியர்களுக்கு, போனில் பாடம் வைப்பது எப்படி என்ற பயிற்சியை இப்போது டீச்சர்தான் கொடுக்கிறார். கோபம் தணிந்துவிட்டதா என்று கேட்டால், "ஏன் தணியணும்?" என்று சண்டைக்கு வருவார்.

ஐம்பத்தெட்டில் நாலு பேர் மட்டும் இன்னும் அகப்படவில்லை. இரண்டு பேர் எண்ணை மாற்றிவிட்டார்கள். இரண்டு பேர் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, டீயைக் குடித்ததும், டீச்சர் அந்த நாலு எண்ணுக்கும் வரிசையாகப் போடுகிறார். புருஷன் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல், "எடுத்தாங்களா?" என்று கேட்கிறார். "இல்ல," என்று சொல்லிவிட்டு டீச்சர் அடுத்த எண்ணை அழுத்துகிறார்.